ஓடு இருக்கிறது, பருப்பு இல்லை

கேள்வி: ஐயா, கீழ்பென்னாத்தூர் பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் செம்மண் கொல்லை. முழுக்க மானாவாரி. ஆடிப்பட்டத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) போடுவது அப்பா காலத்திலிருந்து வழக்கம். போன ஐப்பசியில் கொடி பிடுங்கியபோது செடி பசேலென்றுதான் இருந்தது, காயும் நன்றாகப் பிடித்திருந்தது. உடைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் பொக்கு. ஓடு இருக்கிறது, உள்ளே பருப்பு இல்லை. மேட்டுப் பக்கம் ரொம்ப மோசம், பள்ளத்துப் பக்கம் பரவாயில்லை. 2024 ஃபெஞ்சல் புயல் மழையில் மேட்டுப் பக்கத்து மண்ணை நிறைய அடித்துக்கொண்டு போய்விட்டது. மண்வள அட்டையில் பி.எச். 6.3, கரிமச்சத்து குறைவு, மணிச்சத்தும் சாம்பல்சத்தும் நடுத்தரம் என்று போட்டிருக்கிறார்கள். பெரிய குறை எதுவும் சொல்லவில்லை. மருந்துக் கடையில் கேட்டதற்கு, சுண்ணாம்புச்சத்து பற்றாக்குறை என்று ஒரு திரவம் கொடுத்தார்கள். இரண்டு தடவை இலைமேல் அடித்தும் பலன் இல்லை. பக்கத்துக் கொல்லைக்காரர் ஜிப்சம் போடு என்கிறார். இயற்கை விவசாயத்துக்கு மாறலாம் என்று சொல்லும் என் மகன், ஜிப்சம் ரசாயனம், வேண்டாம் என்கிறான். ஏரி வண்டல் அடிக்கலாமா என்றும் யோசனை இருக்கிறது. எதை முதலில் செய்வது?
— ஒரு வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: உங்கள் கடிதத்திலேயே பாதி விடை இருக்கிறது. செடி பசுமையாக இருந்தது, ஓடு முழு அளவுக்கு வளர்ந்தது, பருப்பு மட்டும் பிடிக்கவில்லை, அதுவும் மேட்டுப் பக்கம் கூடுதல். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், காய் இருக்கும் மண்ணில் கால்சியம், அதாவது சுண்ணாம்புச்சத்து, போதவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. பருப்பு பிடிக்கும் காலத்தில் அந்த மேல்மண்ணில் ஈரமும் நிற்கவில்லை. பக்கத்துக் கொல்லைக்காரர் சொன்னது சரி. வரும் ஆடிப்பட்டத்தில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தை விதைத்த 40 முதல் 45 நாளுக்குள் போட்டு மண் அணையுங்கள். ஆனால் ஜிப்சம் அந்த ஒரு வெள்ளாமையின் பருப்பைத்தான் காப்பாற்றும். மழை கொண்டுபோன மண்ணை அது திருப்பித் தராது. அந்த வேலைக்கு வண்டலும் எருவும் வரப்பும் வேண்டும், வருடங்களும் வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ஒருவர் ஜிப்சம் மட்டும் போட்டால் போதும் என்கிறார், இன்னொருவர் எரு மட்டும் போதும் என்கிறார்.

முதலில் நோயை உறுதி செய்துகொள்வோம். பொக்கு விழ வேறு காரணங்களும் உண்டு. மேட்டுப் பக்கத்துக் காய் வீட்டில் மிச்சம் இருந்தால் ஒரு முறம் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பருப்புள்ள காய்களை முதலில் உடைத்து ஓட்டின் உள்பக்கத்தைப் பாருங்கள். முற்றிய காயில் உள்பக்கம் பழுப்பேறிக் கருத்திருக்கும். பெரும்பாலான ஓடுகள் உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தால் முற்றுவதற்கு முன்பே பிடுங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். அடுத்து பொக்குக் காய்களைப் பாருங்கள். கால்சியம் கிடைக்காத காயில் ஓடு திடமாக, இரண்டு அறையும் சரியாக உருவாகியிருக்கும். அறைக்குள் மட்டும் சுருங்கிய தோலோடு சின்னத் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். கடைசியாக, நன்றாக இருக்கிற பருப்பில் சிலவற்றை இரண்டாகப் பிளந்து முளைக்குருத்தைப் பாருங்கள். அது கருத்திருந்தால் சந்தேகமே வேண்டாம், கால்சியம் குறைவுதான். குருத்து நன்றாக இருந்து, பிளந்த பருப்பின் உள்முகம் குழிந்து பழுப்பாகத் தெரிந்தால் அது போரான் குறைவு. அதற்கு மருந்து போராக்ஸ். போரான் பயிருக்கு மிகமிகக் கொஞ்சம்தான் தேவை, கொஞ்சம் கூடினாலும் நஞ்சு. ஆகவே மண்ணைச் சோதிக்காமல் அதைத் தொடாதீர்கள். துரு நோயும் டிக்கா இலைப்புள்ளியும் இலையை முன்கூட்டியே உதிர்த்துப் பருப்பைச் சிறுக்க வைக்கும். உங்கள் செடி கடைசிவரை பசுமையாக இருந்ததால் அந்தக் காரணத்தை விட்டுவிடலாம்.

இப்போது, இலைமேல் அடித்த திரவம் ஏன் வேலை செய்யவில்லை என்ற விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கடலையின் சங்கதி முழுக்க இதில்தான் இருக்கிறது.

விதைத்து 25, 30 நாளில் கடலை பூக்கிறது. பூ தரைக்கு மேலேதான் இருக்கிறது. கருத்தரித்த பிறகு அங்கிருந்து விழுது கிளம்பி, கீழே வளர்ந்து, மண்ணுக்குள் இறங்கி, இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் காயாகிறது. வேர் உறிஞ்சுகிற கால்சியம் தண்ணீரோடு சேர்ந்து செடிக்குள் மேலே ஏறுகிறது. தண்ணீர் எங்கே ஆவியாகிறதோ அந்த இடத்தை நோக்கித்தான் அது இழுக்கப்படும், அதாவது இலைக்கு. இலைக்குப் போன கால்சியம் அங்கேயே தங்கிவிடுகிறது. இலை தயாரிக்கும் சர்க்கரை கீழே இறங்குவதற்குத் தனிப் பாதை இருக்கிறது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாம் அந்தப் பாதையில் காய்க்கு வந்து சேர்ந்துவிடும். கால்சியம் அந்தப் பாதையில் இறங்குவதில்லை. மண்ணுக்குள் இருக்கும் காயிலிருந்து தண்ணீர் ஆவியாவதும் இல்லை, அதனால் வேரிலிருந்து நேராகவும் வராது. கடைசியில் காய்க்கு ஒரே வழிதான் மிச்சம்: தன்னைச் சுற்றியிருக்கும் மண்ணின் ஈரத்திலிருந்து தன் ஓட்டின் வழியாகவே கால்சியத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். விழுது இறங்கியதிலிருந்து மூன்று நான்கு வாரம்தான் அது அதிகமாக எடுக்கும் காலம். அந்தக் காலத்தில் மேல் மூன்று அங்குல மண்ணில் கால்சியமும் இருக்க வேண்டும், அதைக் கரைத்துத் தர ஈரமும் இருக்க வேண்டும். இரண்டில் எது இல்லாவிட்டாலும் ஓடு வளரும், பருப்பு வளராது.

ஆகவே நீங்கள் இலைக்குக் கொடுத்த கால்சியம் இலையோடு நின்றுவிட்டது. நோயைக் கடைக்காரர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், மருந்து போய்ச் சேரவேண்டிய இடம்தான் தப்பு. அந்தத் திரவத்துக்கு இனி ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம்.

மண்வள அட்டை ஏன் இதைச் சொல்லவில்லை என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரியில் ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கப்பட்டது. அட்டையில் இருப்பவை 12 விவரங்கள்: பி.எச்., மின்கடத்துதிறன், கரிமச்சத்து, தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். கால்சியம் அந்தப் பட்டியலில் இல்லை. நெல்லுக்கும் கரும்புக்கும் இது பெரிய குறையாகத் தெரியாது. செம்மண்ணில் கடலை போடுகிறவருக்கு, அதிகம் தேவைப்படும் ஒரு கணக்கே விடுபட்டுப் போகிறது. கடலை இத்தனை பரப்பில் விளைகிற திருவண்ணாமலை, விழுப்புரம் மாதிரியான மாவட்டங்களின் அட்டையில் அந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொன்றும் கவனியுங்கள். இந்தத் திட்டம் தொடங்கியபோது மானாவாரி நிலத்தில் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்று விதி வைத்தார்கள். பத்து ஹெக்டேர் என்றால் கிட்டத்தட்ட 25 ஏக்கர். உங்கள் பெயரில் வந்த அட்டைக்கான மண் உங்கள் கொல்லையில்தான் எடுத்ததா என்று விசாரியுங்கள். அப்படியே எடுத்திருந்தாலும் மாதிரி எடுப்பது 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, காய் இருப்பதோ மேலே 7, 8 சென்டிமீட்டருக்குள். ஆகவே மாசி, பங்குனியில் கொல்லை சும்மா கிடக்கும்போது நீங்களே மண் எடுங்கள். மேட்டுப் பக்கம் தனியாக, பள்ளத்துப் பக்கம் தனியாக எடுக்க வேண்டும். இரண்டையும் கலந்தால் எடுத்த வேலை வீண். ஒவ்வொரு பக்கத்திலும் பத்து இடத்தில் மேல்குப்பையை ஒதுக்கிவிட்டு, மூன்று அங்குல ஆழத்துக்குச் சீவி, நிழலில் உலர்த்தி, கலந்து, அரைக்கிலோ பிரித்துக்கொள்ளுங்கள். எருக்குழி, மரத்தடி, வரப்போரம் வேண்டாம். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ கீழ்நெல்லி வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுக்கும்போது, பரிமாற்றக் கால்சியமும் பார்த்துச் சொல்லுங்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காவிட்டால் வழக்கமான விவரங்களோடு திருப்பித் தந்துவிடுவார்கள்.

மேட்டுப் பக்கம் ஏன் மோசம்? நம் பகுதியின் செம்மண் நைஸ், சார்னோகைட் போன்ற கடினப் பாறைகள் சிதைந்து உருவானது. அண்ணாமலையைச் சுற்றி எங்கே கிணறு தோண்டினாலும் அந்தப் பாறை தட்டுப்படும். இந்த மண்ணில் மணல் அதிகம், களித்துகள் குறைவு. இருக்கிற களியும் கயோலினைட் வகை. கால்சியம் மண்ணில் நேர்மின் அயனியாக இருக்கிறது. களியும் மக்கும் எதிர்மின்னேற்றம் உள்ளவை என்பதால் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, பயிர் கேட்கும்போது விடுகின்றன. இப்படிப் பிடித்து வைக்கும் கொள்ளளவை அளந்தால் கயோலினைட்டுக்கு 3 முதல் 15 வரைதான் வரும், நன்றாக மக்கிய மக்குக்கு 100-க்கும் மேல். சட்டைமாட்டியில் எத்தனை கொக்கி இருக்கிறதோ அத்தனை சட்டைதான் தொங்கும். நம் செம்மண்ணில் கொக்கிகள் இயல்பிலேயே குறைவு, இருப்பதில் பெரும்பங்கு மக்கில்தான் இருக்கிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. அதற்குப் பின் கொட்டிய மழையில் டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவு இறங்கி ஏழு பேர் உயிரிழந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிட்டார்கள். அப்படிப்பட்ட மழை சரிவான கொல்லையில் ஓடும்போது முதலில் தூக்கிச் செல்வது கல்லையோ பருமணலையோ அல்ல. மிக நுண்ணிய களியும் மக்கும்தான் முதலில் போகும். அதாவது கொக்கிகள் போய்விட்டன, அவற்றில் தொங்கிய கால்சியமும் சேர்ந்தே போய்விட்டது. மிச்சம் நின்ற பருமணல் ஈரத்தையும் வைத்துக்கொள்ளாது. மழை விட்டு ஒரு வாரத்தில் பள்ளத்துப் பக்கம் இன்னும் ஈரமாக இருக்க, மேட்டுப் பக்கம் காய்ந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். காய்க்குக் கால்சியம் கொண்டுபோக அங்கே ஈரமும் இல்லை. பள்ளத்துப் பக்கம் பரவாயில்லை என்று எழுதினீர்களே, மேட்டிலிருந்து போன மண்ணில் ஒரு பங்கு அங்கேதான் தங்கியிருக்கிறது.

இனி ஜிப்சம் போடும் முறை. மண்வெட்டி, கொத்து வேலை எல்லாம் 45 நாளோடு முடிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு மண்ணைக் கிளறினால் இறங்கும் விழுது அறுந்துவிடும். கடைசிக் களையெடுப்பின்போது செடியின் இரண்டு பக்கமும், தூருக்கு அருகில், பொடி செய்த ஜிப்சத்தைத் தூவி, மண்ணோடு லேசாகக் கலந்து, தூரைச் சுற்றி அணையுங்கள். விழுது இறங்கும் இடத்தில் அது இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. அடியுரமாகப் போட்டு ஆழ உழுதுவிட்டால் வேருக்குக் கிடைக்கும், காய்க்குக் கிடைக்காது. மண் காய்ந்து கிடந்தால் ஒரு மழைக்குக் காத்திருந்து போடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய இரண்டரை கிராம் ஜிப்சம் கரையும். ஓர் ஏக்கரில் ஓர் அங்குல மழை பெய்தால் அது ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர். நீங்கள் போடும் 160 கிலோவும் கரைவதற்கு அந்த ஒரு மழை தாராளம். பெருமழை அதைக் கீழே இறக்கிவிடும் என்பதும் இதே கணக்கில் அடங்கியதுதான். அதனால்தான் ஒவ்வொரு கடலை வெள்ளாமைக்கும் புதிதாகப் போட வேண்டியிருக்கிறது.

பொட்டாஷ் விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். காய் பெருக்க வேண்டும் என்று பூக்கும் சமயத்தில் செடியோரமாகப் பொட்டாஷ் கூடுதலாக வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். காய் மண்டலத்தில் பொட்டாஷ் மிகுந்தால் கால்சியம் உள்ளே போவதை அது தடுக்கும், பொக்கு இன்னும் கூடும். உங்கள் அட்டையில் சாம்பல்சத்து நடுத்தரம். பரிந்துரைத்த அளவை அடியுரமாகவே போட்டு முடித்துவிடுங்கள்.

ஜிப்சத்துக்குப் பதில் சுண்ணாம்பு போடலாமா என்று அடுத்து யாராவது உங்களிடம் சொல்வார்கள். சுண்ணாம்பு புளித்த மண்ணைத் திருத்துவதற்கு. உங்கள் மண்ணின் பி.எச். 6.3. கடலைக்கு இது நல்ல நிலை, திருத்த வேண்டியதில்லை. சுண்ணாம்புக்கல் தூள் தண்ணீரில் லேசில் கரையவும் செய்யாது. நாற்பதாம் நாள் போட்டால் இந்த வெள்ளாமைக்கு உதவாது. ஜிப்சம் பி.எச்.-ஐ மாற்றாமல் கால்சியத்தை மட்டும் தரும், கூடவே எண்ணெய் வித்துக்குத் தேவையான கந்தகத்தையும் தரும்.

உங்கள் மகனுடைய கவலையை நான் மதிக்கிறேன். அவரிடம் இதைச் சொல்லுங்கள்: ஜிப்சம் பூமியிலிருந்து வெட்டி எடுக்கிற கனிமம். நம் மாநிலத்திலேயே அரியலூர், பெரம்பலூர் பக்கத்து மண்ணடுக்குகளில் இருக்கிறது. வெட்டி எடுத்த இயற்கை ஜிப்சத்தை அங்கக வேளாண்மைக்கான தேசியத் தர விதிகள் அனுமதிக்கின்றன. உரத் தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலம் தயாரிக்கும்போது உபபொருளாக வரும் பாஸ்போஜிப்சம் வேறு, அது அங்ககச் சான்றிதழுக்கு ஒத்துவராது. சான்றிதழ் வாங்கும் எண்ணம் இருந்தால் எந்த ஜிப்சம் என்று கேட்டு, ரசீதோடு வாங்குங்கள். மண்ணில் கால்சியமே குறைந்திருக்கும்போது பஞ்சகவ்யமும் ஜீவாமிர்தமும் அதை உண்டாக்கித் தர முடியாது. இல்லாத சத்தை எந்த நுண்ணுயிரும் படைக்காது. இதை இயற்கை விவசாயத்துக்கு எதிராகச் சொல்லவில்லை. கொல்லையிலிருந்து வருடா வருடம் மூட்டை மூட்டையாகக் காய் வெளியே போகிறது, கொடியும் மாட்டுக்குப் போகிறது. போனதை ஏதோ ஒரு வடிவத்தில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

இனி மண்ணுக்கு. ஏரி வண்டல் யோசனை மிக நல்ல யோசனை, உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் பிடித்த வரி அதுதான். கொல்லைகளிலிருந்து போன களியும் மக்கும் கடைசியில் போய்ப் படிவது ஏரியில்தான். மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் சமுத்திரம் ஏரிக்கும் வேங்கிக்கால் ஏரிக்கும் மண்ணைக் கொண்டு சேர்ப்பதைப்போல, உங்கள் ஊர் ஏரிக்கு உங்கள் ஊர்க் கொல்லைகளின் மேல்மண் போயிருக்கிறது. கோடையில் ஏரி வற்றியதும் வண்டல் வெட்டி வண்டி வண்டியாகக் கொல்லைக்கு அடிப்பது நம் பெரியவர்களின் வருடாந்திர வேலையாக இருந்தது. ஏரியும் ஆழமானது, கொல்லையும் தேறியது. இப்போதும் விவசாயிகள் கட்டணம் இல்லாமல் எடுக்க அரசு அனுமதிக்கிறது. 2024-இல் விதியை எளிதாக்கி, இணையத்தில் விண்ணப்பித்து வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெற வழி செய்தார்கள். புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர் வரை எடுக்கலாம் என்பது கணக்கு, ஏறக்குறைய 30 டிராக்டர் லோடு.

முப்பது லோடு என்றால் மலைப்பாகத் தோன்றும். ஓர் ஏக்கரில் அதைச் சமமாகப் பரப்பினால் இரண்டேகால் சென்டிமீட்டர் கனம்தான் வரும். புயல் மழை ஓரிரு நாளில் கொண்டுபோனது அதைவிட அதிகமாகவும் இருக்கலாம். ஆகவே மூன்று ஏக்கருக்கும் மெலிதாகத் தூவுவதைவிட, பாதிக்கப்பட்ட மேட்டுப் பக்கத்துக்கு முழு அளவையும் கொடுங்கள். டிராக்டர் வாடகை கையைக் கடித்தால் இந்த வருடம் அரை ஏக்கர், அடுத்த வருடம் அரை ஏக்கர் என்று செய்யலாம். இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். ஊர்ச் சாக்கடை கலக்கும் ஏரியின் வண்டலையும், வெயிலில் வெள்ளையாக உப்புப் பூக்கும் வண்டலையும் தொடாதீர்கள். மற்ற வண்டலிலும் ஒரு கைப்பிடி எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு அடியுங்கள். பரப்பியதும் கோடை மழையில் உழுது, மேல் ஐந்தாறு அங்குலத்தோடு கலந்துவிட வேண்டும். கலக்காமல் விட்டால் களி தனி அடுக்காக இறுகி, விழுது இறங்க முடியாமல் போகும்.

எரு விஷயத்தில் உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. ஒரு ஏக்கரின் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை சுமார் 900 டன். அதில் கரிமச்சத்தை 0.1 சதவீதம் உயர்த்த 900 கிலோ கரிமம் மண்ணில் தங்க வேண்டும். நாம் ஏக்கருக்குப் போடச் சொல்லும் 5 டன் தொழுவுரத்தில் ஈரத்தையும் மண்ணையும் கழித்தால் கரிமம் முக்கால் டன்கூடத் தேறாது. அதிலும் பெரும்பகுதியை நம் வெயிலில் நுண்ணுயிர்கள் தின்று, கரியமில வாயுவாகக் காற்றில் விட்டுவிடும். ஆகவே ஒரு வருடம் எரு அடித்துவிட்டு அட்டையில் மாற்றம் தேடினால் தெரியாது. அதற்காக வீண் என்று நினைத்துவிடவும் கூடாது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் 1909 முதல் ஒரே நிலத்தில் நிரந்தர உரச் சோதனை நடந்துவருகிறது. அந்த நிலமும் செம்மண்தான். ஒன்றுமே இடாத பாத்தியைவிட, தொழுவுரம் தொடர்ந்து பெற்ற பாத்தியில் கரிமச்சத்து தெளிவாக அதிகம். அந்த வித்தியாசத்துக்குக் காரணம் விடாமல் இட்டதுதான். உங்களிடம் மாடு எத்தனை என்று எழுதவில்லை. எரு கொஞ்சம்தான் என்றால் அதையும் மேட்டுப் பக்கத்துக்கே ஒதுக்குங்கள். சித்திரை மழையில் சணப்பு விதைத்துப் பூக்கும் முன் மடக்கி உழுவது மாட்டெரு இல்லாத குறையைக் கொஞ்சம் ஈடுகட்டும்.

இவ்வளவையும் செய்து, அடுத்த பெருமழையில் மறுபடி மண்ணை விட்டுவிட்டால் பாடுபட்டது அத்தனையும் போகும். சரிவுக்குக் குறுக்காகவே உழுங்கள், குறுக்காகவே விதையுங்கள். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே குறுக்கு வரப்பு ஒன்றாவது போட்டு, அதில் கொழுக்கட்டைப்புல்லைப் பிடிக்க வையுங்கள். கடலைக்கு நடுநடுவே துவரை வரிசை விடுங்கள். ஐப்பசியில் கடலையைப் பிடுங்கியதும் கொல்லை வெறும் மண்ணாகக் கிடக்கிறது, வடகிழக்குப் பருவமழை அப்போதுதான் வலுக்கிறது. துவரை தை வரை நின்று மண்ணைப் பிடிக்கும், இலையையும் கொட்டும். கடலையே வருடா வருடம் போடுவதையும் மேட்டுப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். வண்டல் அடித்த அந்த அரை ஏக்கரில் ஒரு பருவம் சாமை போடலாம். உங்களுக்குப் பக்கத்தில் அத்தியந்தலில்தான் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. அவர்கள் வெளியிட்ட ஏ.டி.எல். 1 சாமை விதையைக் கேட்டுப் பாருங்கள். சாமையைப் பிடுங்க வேண்டியதில்லை, அறுத்தால் போதும். வேரும் தாளும் மண்ணிலேயே நின்றுவிடும்.

விதைக்கு மேட்டுப் பக்கத்துக் காயை எடுத்து வைத்திருந்தால் அதை விற்றுவிடுங்கள். கால்சியம் குறைந்த பருப்பு பார்க்க நன்றாக இருந்தாலும் முளைப்புத்திறன் குறைவாக இருக்கும். பள்ளத்துப் பக்கத்துக் காயையோ, திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்களில் சான்று விதையையோ எடுத்துக்கொள்ளுங்கள். மிகப் பெரிய பருப்பு ரகங்களைக் கொஞ்ச காலம் தவிர்ப்பது நல்லது, பருப்பு பெருக்கப் பெருக்கக் கால்சியத் தேவையும் கூடும்.

ஒன்று மட்டும் எனக்காகச் செய்யுங்கள். ஜிப்சம் போடும்போது மேட்டுப் பக்கத்தில் ஐந்து சாலை போடாமல் விட்டு, இரண்டு முனையிலும் குச்சி நட்டு வையுங்கள். பிடுங்கும்போது அந்த ஐந்து சாலின் காயையும், பக்கத்தில் ஜிப்சம் போட்ட ஐந்து சாலின் காயையும் தனித்தனியாகக் காயவைத்து, இரண்டிலும் ஒவ்வொரு கிலோ எடுத்து உடைத்துப் பருப்பை நிறுத்துப் பாருங்கள். சேத்துப்பட்டு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் உங்கள் காய்க்கு விலை கிடைப்பதும் பருப்பு எவ்வளவு தேறுகிறது என்பதை வைத்துத்தான். ஜிப்சத்துக்குச் செலவழித்த பணம் திரும்ப வந்ததா என்று அப்போது உங்களுக்கும் உங்கள் மகனுக்கும் சேர்ந்தே தெரிந்துவிடும். அந்த இரண்டு எடையையும் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: ஐயா, செய்யாறு பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நெல் வயல், கிணற்றுப் பாசனம். ஒரு மூலையில் தண்ணீர் கட்டினால் இறங்குவதே இல்லை, காய்ந்தால் பாறையாக இறுகி வெடிக்கிறது. ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். கடலைக்குப் போடும் அதே அளவா?
— ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: இல்லை அம்மா, இங்கே ஜிப்சத்தின் வேலையே வேறு. நீங்கள் சொல்லும் அடையாளம் களர் நிலத்துக்கு உரியது. ஆனால் உவர் நிலமா, களர் நிலமா என்று பரிசோதனையில் தெரிந்துகொள்ளாமல் ஜிப்சம் வாங்காதீர்கள். மின்கடத்துதிறன் 4-க்கு மேல் போய் பி.எச். 8.5-க்குள் இருந்தால் உவர். அதற்கு ஜிப்சம் தேவையில்லை, வடிகால் வெட்டி நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி வெளியேற்ற வேண்டும். பி.எச். 8.5-ஐத் தாண்டி, மின்கடத்துதிறன் 4-க்குள் இருந்தால் களர். களரில் களித்துகளைச் சோடியம் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் துகள்கள் கலைந்து, துளைகள் அடைபட்டு, தண்ணீர் இறங்காமல் நிற்கிறது. ஜிப்சத்தின் கால்சியம் அந்தச் சோடியத்தைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்காரும். தள்ளப்பட்ட சோடியத்தைத் தண்ணீரோடு வயலைவிட்டு வெளியேற்றினால்தான் பலன், வடிகால் இல்லாமல் ஜிப்சம் போட்டால் சோடியம் வயலிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அளவு கிலோ கணக்கில் வராது, டன் கணக்கில் வரும். எத்தனை டன் என்பதைப் பரிசோதனை நிலையத்தில் ஜிப்சத் தேவை என்று தனியாகக் கணக்கிட்டுத் தருவார்கள். கிணற்றுத் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொண்டுபோய்க் கொடுங்கள். சோடியம் அந்தத் தண்ணீரில்தான் வருகிறது என்றால், வயலை மட்டும் திருத்தினால் இரண்டு மூன்று வருடத்தில் பழைய நிலைக்கே வந்துவிடும். ஜிப்சம் போட்டுக் கழுவிய பிறகு தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள். அந்த மூலைக்கு மட்டும் திருச்சி வேளாண் கல்லூரி வெளியிட்ட, களரைத் தாங்கும் டி.ஆர்.ஒய். ரக நெல்லை நடுங்கள். நாற்று கொஞ்சம் மூத்ததாக இருக்கட்டும், குத்துக்கு ஒன்றிரண்டு நாற்று கூடுதலாக வைத்து நடுங்கள்.